கமான் கமான் காராமணி

அன்புள்ள அக்கா,

நேற்று சாயங்காலம் உன் பாட்டைக் கேட்டேன்! வந்தவாசியில் மாமா மகளின் கல்யாண வரவேற்பு. மேடையில் ஒரு இளைஞன் கிட்டாரை மீட்டத் தொடங்கிய உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

ஆரணியில் நம் வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார். நீ ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாய். டேப் ரெக்கார்டரில் அந்த பாப் கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழுக்கு நடுவே வரும் ஆங்கில வரி நமக்குப் பிடிபடவே இல்லை. அதற்காக வாயை மூடுகிற ஆளா நீ? "கமான் கமான் காராமணி" என்று உன் இஷ்டத்துக்குப் பாடினாய். அது அப்படி இல்லை என்று நான் சொன்னால், "ராகம் சரியா வருதில்ல? அப்ப பாடுடி" என்பாய்.

நம் கல்லூரி ஆண்டு விழாவில் நாம் இருவரும் ஆடும்போது கேசட் நாடா சிக்கிப் பாட்டு நின்றுபோனதே! நான் மேடையை விட்டு ஓடப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தி, அதே காராமணியைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே ஆடினாய். அரங்கம் முழுக்க உன்னோடு சேர்ந்து பாடியது. பிறகு பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத பெண்களெல்லாம் "காராமணி" என்று உனக்குக் கையசைத்தார்கள்.

மறு வருஷமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அம்மா டேப் ரெக்கார்டரைப் பரணில் ஏற்றினாள். டிவியில் அந்தப் பாட்டு வந்தால் எழுந்துபோய் நிறுத்திவிடுவாள். உன் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதனால் நேற்று சந்தோஷத்தோடு பயமும் வந்தது. முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் ஓடி, வெளியே போகலாமா என்று கேட்டேன். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இளைஞன் ஆங்கில வரியைச் சுத்தமாகப் பாடி முடித்தான். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி இவன் தப்பா பாடிகினு இருக்கான்? காராமணி எங்க?"

எனக்கு அழுகை வரவில்லை அக்கா, சிரிப்புத்தான் பீறிட்டது. அம்மாவும் சிரித்தாள். அடுத்த முறை அந்த வரி வந்தபோது நாங்கள் இருவரும் உன் சொற்களையே உரக்கப் பாடினோம். பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இன்று காலை பஸ்ஸில் அம்மா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சின்ன வயதில் நீ தறிக்குழிக்குள் ஒளிந்துகொண்டது, பாட்டுக் கேட்கிற மாமியாராகப் பார் என்று அவளிடம் சொல்லி வைத்தது, எல்லாம் நான் கேள்விப்படாத கதைகள். பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம். வெயிலில் திரும்பி நடக்கும்போதும் அவள் நிறுத்தவில்லை.

இத்தனை காலம் என் அக்கா மட்டும்தான் என்னிடம் இருந்தாள். இப்போது அம்மாவின் மகளும் இருக்கிறாள்.

உன் தங்கை