நான்காம் பத்தி

மார்ச் 3
ஆற்றில் இன்று முழங்கால் உயரத்திற்கு நுரை. காகித ஆலை மீண்டும் கழிவைத் திறந்திருக்கிறது. குழாயிலும் பழுப்பு நீர். எங்கள் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. இனியும் வாளாவிருத்தல் தகாது. மனு எழுதத் தொடங்கினேன். தாளும் அந்த ஆலையுடையதே! ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தையற்காரி நான். அளவு வெட்டும் பழைய செய்தித்தாள்களில் தமிழ் கற்றேன், தங்கைக்கும் கற்பித்தேன்.

மார்ச் 6
தங்கை கணவர் கடைக்கு வந்தார். ஆலையில் வால்வு அவர் பொறுப்பு.
"ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்குத்தான் தொறக்கச் சொல்வாங்கக்கா. அப்ப எந்த ஆபீசரும் போர்வையை விட்டு வர மாட்டான். என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது."
வாக்களித்தேன்.

மார்ச் 9
ஐந்து மணிக்குக் கரையில் நின்றேன். இரண்டு புட்டிகளில் கறுப்பு நீர். வீடு வீடாக ஏறி இருநூற்றுப் பன்னிரண்டு கையொப்பங்கள். ஆதாரமற்ற மனு பொத்தானில்லாத சட்டை. ஆகவே நான்காம் பத்தி: "வால்வுப் பிரிவில் பதினோராண்டுகள் பழுதறப் பணியாற்றிவருபவரும், மனுதாரரின் நெருங்கிய உறவினருமான ஒருவர் தெரிவித்தவாறு..." பெயர் எழுதவில்லை. எத்துணை நிறைவான வாக்கியம்!

மார்ச் 11
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது மனுவாம்மா, கல்யாணப் பத்திரிகையா? சரி, நகலை ஆலைக்கு அனுப்பி விளக்கம் கேக்குறோம்."
முதலாளி என் தமிழைப் படிப்பார் என்று மகிழ்ந்தேன்.

மார்ச் 20
தங்கை கணவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 21
தங்கை வாசற்படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று கத்தினாள்.
"பேரு எழுதலையாம்! பதினோரு வருஷமா வால்வு பாக்குறவரு, உனக்குச் சொந்தக்காரரு, வேற யாரு இருக்காங்கக்கா? உன் தமிழுக்கு என் வீட்டு அடுப்புதான் கெடச்சுதா?"
ஐயோ, எனக்கு ஏன் தோணாமப் போச்சு? அந்த வரி அழகா இருந்துச்சு. அதான். வேற காரணமே இல்ல.

ஏப்ரல் 2
அதிகாரிகள் வந்தார்கள். புதன்கிழமை, நண்பகல், முன்னறிவிப்போடு. ஆறு கண்ணாடி போல் கிடந்தது.

ஏப்ரல் 19
அலுவலகப் பதில்: நீரின் தன்மை திருப்திகரம். உடன் இணைப்பாக ஆலைத் தொழிலாளர்களின் மறுப்புக் கடிதம். முதற்கையொப்பம் தங்கை கணவருடையது. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.
கடிதம் முழுவதும் தங்கையின் கையெழுத்து. "மேற்படி தையற்காரியின் அவதூறுகளைக் கேட்டு இனியும் வாளாவிருத்தல் தகாது" என்று முடித்திருக்கிறாள். யாரிடம் கற்றாள் என்று எவரும் கேட்கப்போவதில்லை.
நாளை ஞாயிறு. ஐந்து மணிக்கு வால்வைத் திறக்கப்போகிறவர் அவர்தான். புட்டியோடு கரையில் யார் நிற்பாள் என்பதும் அவருக்குத் தெரியும்.