சவரக் கத்திகள் வீட்டை விட்டுப் போனபோது

பிப்ரவரி 3
பழைய பொருள் சந்தையில் வாங்கிய மடக்குச் சவரக் கத்தியை இன்றும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துரு விலகி, காம்பில் ‘ஷெஃபீல்ட்’ முத்திரை தெரிகிறது. நம் ஊர்ச் சரக்கு. நாளெல்லாம் பேருந்து ஓட்டிய கைக்கு இதுதான் ஓய்வு. மனைவி லொரெய்னுக்குப் புரியாது. “சாப்பிடற மேசையில துருவக் கொட்டாத நெவில்!”

பிப்ரவரி 9
கீரன் உயிரை விடப் பார்த்திருக்கிறான். எங்கள் ஒரே பையன். இருபத்தாறு வயது. பிழைத்துவிட்டான். வேறெதுவும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 17
கீரனை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூர்மையான எதுவும் கைக்கெட்ட இருக்கக் கூடாது என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் லொரெய்ன் என் பக்கம் திரும்பினாள். “ஒன்னுகூட இருக்கக் கூடாது. இன்னைக்கே.” இத்தனை வருஷம் சேர்த்த சவரக் கத்திகள் எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாக்களில் அடைத்துப் பக்கத்து வீட்டு மால்கமிடம் கொண்டுபோனேன். அவர் டப்பாக்களை வாங்கிக்கொண்டார். “ஷெட்டுல வச்சுப் பூட்டிடறேன். சாவி என் பாக்கெட்டுலயே கெடக்கும்” என்றார்.

பிப்ரவரி 24
இருவரும் மாறி மாறி அவன் அறை வாசலில் உட்காருகிறோம். அவன் பேசுவதில்லை. பேருந்தில் இன்று ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு அம்மாள் திட்டித் தீர்த்தாள். திட்டட்டும். அசதி.

மார்ச் 1
காலையில் கீரன் வெறும் மேசையைப் பார்த்தான்.
“கத்தியெல்லாம் எங்கப்பா?”
“வித்துட்டேன்.”
சிரித்துவிட்டான்! “ஒனக்குப் பொய் சொல்ல வராதுப்பா. என்னாலதான?”
மழுப்பத் தெம்பில்லை. “ஆமாடா. எல்லாம் மால்கம்கிட்ட குடுத்துட்டேன். பயமா இருக்கு.”
எதிரில் வந்து உட்கார்ந்தான். பிறகு, “எனக்கும்தான்” என்றான்.
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 15
கொஞ்சம் பேசுகிறான். வியாழன்தோறும் ஆலோசகரிடம் போகிறான். “சும்மா என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காத. மால்கம் வீட்டுக்குப் போய் எதையாவது தேய்யேன்” என்றான். போனேன். தீட்டுகல்லை நனைத்ததுதான் தாமதம், வீட்டில் என்ன செய்கிறானோ என்று பயம் வந்தது. ஓடி வந்துவிட்டேன். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

மார்ச் 22
மறுபடி போனேன். மறுபடி ஓடி வந்தேன். எத்தனை காலத்துக்கு இப்படி?

ஏப்ரல் 11, சனி
மதியம் ஷெட்டில் ஒரு கத்தி கடைசியில் வழிக்கு வந்தது. கூர் தீட்டும் தோல்வாரில் இழுத்துப் பார்த்தேன், முனகாமல் ஓடியது. நிமிர்ந்தால் வாசலில் கீரன். நான் சட்டென்று கத்தியை மடித்தேன். அவன் உள்ளே வரவில்லை.
“மீன் ஆறிப்போகுது. அம்மா திட்டுறா.”
டப்பாவை உள்ளே வைத்தேன், மால்கம் பூட்டினார். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது — மதியம் முழுக்க ஒருமுறைகூட இவனை நினைக்கவில்லை. குற்றம் செய்ததுபோல அதை அவனிடமே சொன்னேன்.
“அப்பாடா!” என்றான்.