சின்னத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றார்

லூயிஸ்டவுன், மொன்டானா
1996 அக்டோபர் 17, வியாழன்

அன்புள்ள எம்மெட் அண்ணனுக்கு,

தங்கை நோலா எழுதுவது. உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எண்ணெய்க் கிணற்றில் குளிரோடு வேலை பார்க்கிறவன் நீ, நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துவிடாதே. இங்கே முதல் பனி விழுந்து ஓய்ந்துவிட்டது. உருளைக்கிழங்கையெல்லாம் தோண்டி நிலவறையில் போட்டுவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மான் வேட்டைக்குத் தயாராகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் மச்சான் வெர்லின் நாள் முழுக்க அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் சமைக்கிற பள்ளிக்கூடத்துப் போனிலிருந்து உன் முகாமுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். நீ தூரத்துக் கிணற்றுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லி வைக்கிற விஷயம் இல்லை இது. பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, பள்ளிச் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் துப்பாக்கிக் கடை ஆர்வல் டீக் அவரோடு இருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் நீ எழுதியதை மறக்கவில்லை. போன வருஷம் எங்கள் பெண் ஜோலீனின் அடக்கத்துக்கு வந்தபோது, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி அவருடைய துப்பாக்கிகள் அத்தனையையும் நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். அவரும் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செப்டம்பரில் உனக்குப் போன் செய்து, எல்லாம் வேண்டாம், சின்னதாக ஒரு பாயின்ட் 22 துப்பாக்கி இருந்தால் போதும், தகர டப்பாக்களைச் சுட்டுப் பொழுதுபோக்கலாம் என்று கேட்டாராம். நீ எடுத்துப்போனவற்றில் அது இல்லை. "புதுசா ஒண்ணு வாங்கிக்கட்டும் நோலா. தோட்டா மலிவு, சுட்டா கையில உதையும் கெடையாது. மனுஷனுக்கு ஒரு ஆசை வந்திருக்கே, அதுவே பெரிசு" என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெண் போன நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. காப்பிக்குச் சர்க்கரைகூடக் கேட்டதில்லை. அதனால் போன சனிக்கிழமை நான் தலைவாரி, தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரோடு கடைக்குக் கிளம்பினேன். திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி.

ஜோலீனுக்கு அவர் முதல் பாயின்ட் 22 வாங்கிய நாள் உனக்குத் தெரியாது. அவளுக்கு அப்போது பத்து வயது. கடையில் பாதி நாள் நின்றார்கள். ஒவ்வொன்றையும் அவள் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கச் சொல்லி, விரல் எட்டுகிறதா, பிடி வழுக்குகிறதா, குழல் முன்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். பெரிய துப்பாக்கியின் சத்தத்துக்குப் பயந்தால் பிள்ளை கண்ணைச் சிமிட்டிப் பழகிவிடும், சின்னதில் பழகினால் ஆயுளுக்கும் கை நிதானமாக இருக்கும் என்பார். அதற்கப்புறம் கொட்டகைக்குப் பின்னால் சாயங்காலம் முழுக்க டப் டப் என்று கேட்கும். "அப்பா, இன்னொரு பெட்டி!" என்று அவள் கத்துவாள். அவள் வளர்ந்ததும் அந்தத் துப்பாக்கியை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை கடைக்குள் நுழைந்ததும் ஆர்வல் எங்களைப் பார்த்துக் கையைத் தட்டினார். "வாய்யா வெர்லின்! கரடி மாதிரி குகைக்குள்ள படுத்துட்டேன்னு நெனச்சேன்!"

"ஒரு பாயின்ட் 22 வேணும். சும்மா ஜாலிக்கு. செலவில்லாம சுட்டுப் பழகலாம்" என்றார் இவர். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

ஆர்வல் சந்தோஷமாக மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இது முழுக்க இரும்பு. கனம்தான், ஆனா கை ஆடாது, குறி பார்க்கச் சுகம். இது பிளாஸ்டிக் பிடி, லேசு. ஆனா மலிவுத் தோட்டா போட்டா அப்பப்ப சிக்கும், திட்டிக்கிட்டே சுடணும். இது சுழல் துப்பாக்கி. எந்தத் தோட்டாவையும் தின்னும், பொறுமையா ஒண்ணொண்ணா சுடலாம். கையில எடுத்துப் பாரு."

இவர் தொடவில்லை. "எதுன்னாலும் சரி. கிட்ட இருக்கறதக் குடு."

"என்னய்யா இது, கட்டிக்கப் பொண்ணு தேடுனப்போ இவ்வளவு சீக்கிரமா முடிவு பண்ணே? நோலாகிட்ட கேளு, எத்தனை வருஷம் இழுத்தடிச்சேன்னு!"

நான் சிரித்தேன் அண்ணா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஆர்வல் பின்பக்க அலமாரியில் கையை வைத்துக்கொண்டு, "ஐநூறு தோட்டாப் பெட்டி ரெண்டு போடட்டுமா? உனக்கு ஒரு வாரத்துக்குத்தான் வரும்" என்றார்.

"அவ்வளவு வேண்டாம். இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு போதும்."

ஆர்வலின் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை. நிறையச் சுடலாம் என்பதற்காகத்தானே இந்தத் துப்பாக்கியை வாங்குகிறார்கள்! ஆர்வல் திரும்பி இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்க சுடப் போறே?"

"கொட்டகைக்குப் பின்னாடி."

"யாரோட?"

இவர் காசை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஆர்வல் மூன்றையும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். "இன்னைக்கு வேண்டாம் வெர்லின்."

"என் காசு செல்லாதா? நீ கடைக்காரனா, பாதிரியாரா?" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இவர் அந்த மாதிரிக் கத்தி நான் கேட்டதில்லை.

"கத்து. நல்லாக் கத்து. நாளைக்கும் வந்து கத்து. ஆனா இதை நான் விக்க மாட்டேன்."

வண்டியில் வரும்போது இவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நோலா, ஜோலீன் வர மாட்டேன்னுதான் சொன்னா. ரோடெல்லாம் ஐஸ்னு சொன்னா. பனி என்ன பனி, வேட்டை ஆரம்பிக்குது, கெளம்பி வான்னு நான்தான் சொன்னேன்." அந்த ஐஸில்தானே அவள் வண்டி சறுக்கியது, இதைத்தான் இத்தனை நாளும் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். உன்மேல் தப்பில்லை என்றேன். அது காற்றில் போயிற்று.

மறுநாள் ஆர்வல் தன் துப்பாக்கிகளில் இரண்டைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துப்பாக்கிக் கிளப்பு மைதானத்துக்குப் போவோம், என் பக்கத்தில் நின்று சுடு, முடிந்ததும் நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கெஞ்சினார். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆர்வல் விசையைப் பற்றியும் குறிமுள்ளைப் பற்றியும் தனியாகப் பேசிக்கொண்டே இருந்தார், காப்பி ஆறிப்போகும்வரை.

செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தபோது இவர் பில்லிங்ஸ் நகரம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு கடையில் கேட்டிருக்கிறார். ஆர்வல் முன்பே சுற்று வட்டாரக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவைத்திருந்ததால் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வந்தார். அண்ணா, வந்தவர் கோபப்படவே இல்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். என் தலையில் கை வைத்துத் தடவினார். கத்தியபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

நேற்று உதவி எண் ஒன்றுக்குக் கூப்பிட்டுப் பேசினேன். அந்தப் பெண் நல்லவள். சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் கெடுதல் வராது என்றாள். கேட்டேன். "வெர்லின், செத்துப் போகணும்னு நெனைக்கிறியா?"

"இன்னைக்கு இல்ல" என்றார்.

டாக்டரிடம் திங்கட்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். வருவாரா என்று தெரியாது. இன்று விடிந்ததும் "இன்னைக்கு?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், வாயைத் திறக்காமல். அதுவரை ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

உனக்கு அவர் மறுபடியும் போன் செய்வார். தன்மையாகப் பேசுவார், சிரிக்கக்கூடச் செய்வார். ஒன்றையும் கொடுத்துவிடாதே. சத்தம் போட்டாலும் கொடுக்காதே, அழுதாலும் கொடுக்காதே. அவரிடம் உண்மையைச் சொல், நீ வாழணும் என்று சொல். சுத்தம் பண்ணுகிறேன் என்ற பொய் இனி வேண்டாம்.

முடிந்தால் நீயே புறப்பட்டு வா. ஐஸாக இருந்தால் நின்று, பொறுமையாக, பகலில் மட்டும் ஓட்டி வா. உன்னை அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை, இந்த வீட்டில் யாரும் யாரையும் சீக்கிரம் வா என்று இனிமேல் சொல்ல மாட்டோம். அவருக்காக மட்டும் கேட்கவில்லை அண்ணா. என் பெண்ணுக்காக நான் இன்னும் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும், அவரை யார் பார்த்துக்கொள்வது? நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால், நான் மாடிக்குப் போய் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கடவுள் உன்னையும் நீ வரும் சாலையையும் காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
நோலா