பிரசவத்துக்கு வராத ஜீப்

நேற்று மலையில் புதிய பிரசவக் கட்டடம் ஒன்றைத் திறந்தார்கள். ஓய்வு பெற்ற பழைய நர்சுகள் என்று எங்களில் நாலைந்து பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போர்த்தி, கையில் ஒரு விழா மலரைக் கொடுத்தார்கள். அச்சு மை வாசம் இன்னும் போகாத புத்தகம். போளூருக்கு இறங்கும் பேருந்தில் அதைப் பிரித்தேன். நாலாவது பக்கத்தில் நம் பழைய ஜீப்பின் படம். முன்கண்ணாடியில் சாமந்தி மாலை வேறு. கீழே ஒரு வரி: ‘மலைமக்களின் அறியாமையை வென்ற வாகனம்.’

எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்தே போனாள். புத்தகத்தை அப்படிக் கசக்கினேன். நீ இருந்திருந்தால் மேடையிலேயே எழுந்து கேட்டிருப்பாய். நீ போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. நான் வாயை மூடிக்கொண்டு சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கணியம்பாடிப் பக்கத்துக்காரி, நான் செங்கம். ஒரே வருஷம் பயிற்சி முடித்து, ஒரே மலையில் வேலைக்கு வந்தோம். உனக்கு மேல்மலைக் கிராமங்கள், எனக்கு அடிவாரம். ஏறி இறங்கும்போது நான் மூச்சு வாங்கினால், “இன்னாடி, நீதான் புள்ள பெத்துக்கப் போறியா?” என்று கேலி செய்வாய். மேலே நீ பார்த்த பிரசவங்களில் சிக்கல் என்றால் ஒரே வழி டோலிதான். மூங்கில் கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, அதில் வலியோடு இருப்பவளைப் படுக்க வைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்குவார்கள். பாதி வழியில் உயிர் போனவர்களும் உண்டு. அவர்களை அதே டோலியில் திருப்பித் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

ஜீப் இல்லாமல் இல்லை. சுகாதார நிலைய வாசலில் கழுவித் துடைத்து நின்றுகொண்டுதான் இருந்தது. பிரசவம் என்று சொல்லி அனுப்பினால் டீசல் இல்லை, டிரைவர் இல்லை, ரோடு சரியில்லை. ஆனால் அது அவசரநிலைக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டுமென்றால் அதே ஜீப் அதே ரோட்டில் விடிந்ததும் ஏறிவிடும். அப்படிப் பிடிக்கும் ஆளுக்குப் பெயர் ‘கேஸ்’. மாதா மாதம் கேஸ் கொண்டு வராத நர்சை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து ஏசுவார்கள். கல்யாணமாகி மூன்று மாதம் ஆனவனையும், ரத்தம் பார்க்கிறோம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கூடப் போயிருக்கிறேன். நீ ஒருமுறையும் அந்த ஜீப்பில் காலை வைக்கவில்லை.

ஒரு மாதக் கூட்டத்தில் உன்னை நிற்க வைத்தார்கள். பெரிய டாக்டர், “உன் பெயரில் ஏன் ஒரு கேஸ்கூட இல்லை?” என்று கேட்டார். நீ சுற்றி வளைக்கவில்லை.

“வெட்டறதுக்கு வர்ற ஜீப்பு பெத்துக்கறதுக்கு வராதா சார்?”

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். டாக்டர் உட்காரச் சொன்னார். நீ உட்காரவில்லை. அடுத்த மாதம் நீயே எழுந்து அதே கேள்வியைக் கேட்டாய். அதற்கடுத்த மாதம் உன்னோடு இன்னும் மூன்று நர்சுகள் எழுந்தார்கள். பிறகு எல்லாருமே எழுந்தோம், கடைசியாக நான். தலைவலி விட்டால் போதும் என்று அந்த மனுஷர், பிரசவத்துக்கும் ஜீப் வரும் என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நாம் பஸ் ஸ்டாண்டில் நின்று போண்டா தின்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு வயிறு எரிகிறது.

அடுத்த வாரமே பச்சையம்மாளுக்கு வலி கண்டது. காலையில் நீ வயிற்றைத் தொட்டுப் பார்த்தாய். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் தங்கும். அவள் புருஷன் காளியப்பனிடம், “அசைக்காம வச்சிரு, நான் போய் ஆளைக் கூட்டினு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, வனக்காவலர் அலுவலகத்துப் போனுக்கு ஓடினாய். கீழே அந்தப் போனை எடுத்தவள் நான்தான். மறுபேச்சு இல்லாமல் ஜீப் கிளம்பியது. வழியில் உன்னை ஏற்றிக்கொண்டோம். நீ அந்த ஜீப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை. “வந்துடுச்சுடி, நெசமாவே வந்துடுச்சு” என்று என் கையைப் பிடித்து நசுக்கினாய்.

ஊருக்குள் நுழைந்தால் ஓர் ஆள் இல்லை. அடுப்பில் சாமைச் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கோழிகள் மட்டும் திரிந்தன. காளியப்பன் வீட்டில் பாய் கிடந்தது, பச்சையம்மாளைக் காணோம். உனக்கு உடனே புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாய். “டேய் காளியப்பா, நான்டா! நர்சம்மாடா!” என்று நீ கத்தியது பாறையில் மோதித் திரும்பி வந்தது. உன் குரலைத் தவிர வேறு சத்தமில்லை.

வெயில் சாயும்போதுதான் கண்டுபிடித்தோம். ஒரு பாறை இடுக்கில், டோலியோடு, ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. வலியில் கத்தக்கூடாதென்று பச்சையம்மாள் வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கை வெளியே வந்து நீலம் பாரித்துவிட்டது.

காளியப்பன் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீங்க வருவீங்கன்னு தெரியும் நர்சம்மா. ஜீப்புல வருவீங்கன்னு தெரியாதே. போன மாசம் எங்க அண்ணனை அதுலதான் இட்டுனு போனாங்க. இவளையும் அறுத்துடுவாங்கன்னு தூக்கினு ஓடியாந்துட்டோம்.”

கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். தலை உன் மடியில் இருந்தது. “ஜீப்புல வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனே” என்று நீ முனகிக்கொண்டே வந்தாய். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அறிக்கை தட்டச்சாகி வந்தது. ‘உறவினர்களின் அறியாமையாலும் மூடநம்பிக்கையாலும் சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுத்ததால் மரணம்.’ உடன் சென்ற இரண்டு நர்சுகளும் ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். நீ பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஆள் பிடிக்க வந்த ஜீப் என்று பயந்து அவளை ஒளித்துவைத்தார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்’ என்று எழுதி, அதன் கீழே உன் பெயரைப் போட்டாய்.

“வேலை போய்விடும், தெரியுமா?” என்றார் டாக்டர்.

“பொம்பளையே போய்ட்டா சார். வேலை போவட்டும்.”

வேலை போகவில்லை. உன்னை மாவட்டத்தின் அந்தக் கோடிக்குத் தூக்கியடித்தார்கள். நீ எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் கையெழுத்து இருந்த தாளைக் கோப்பில் வைத்தார்கள். என் ஒரு கையெழுத்தே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நேற்று அந்த மலரில் அச்சான ‘அறியாமை’ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான்.

நீ அந்தக் கோடியிலிருந்தும் விடவில்லை. பிரசவத்துக்கென்று மலைமேலேயே ஓர் அறை வேண்டும், கேஸ் பிடிக்கும் ஜீப்பில் நர்சுகள் யாரும் ஏற மாட்டோம் என்று ஒரு மனு எழுதி, நர்ஸ் கையிலிருந்து நர்ஸ் கைக்கு அனுப்பினாய். என்னிடம் வந்தபோது உன் பெயருக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே மற்றவர்கள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்காக விட்டு வைத்திருந்தாய். போட்டேன். அதன் பிறகும் வருஷக்கணக்கில் இழுத்தடித்து, எண்பதுகளில்தான் இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை மேலே வந்தது. உன்னையும் மலைக்கே திருப்பி அனுப்பினார்கள். முதல் வாரத்தில் காளியப்பன் தன் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜீப் அனுப்பியிருப்போமே என்று நான் சொன்னதற்கு, “அது வேணாம்மா, உங்க கையி போதும்” என்று உன்னைப் பார்த்துத்தான் சொன்னான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த அறை எப்படி வந்தது என்று விழா மலரில் ஒரு எழுத்து இல்லை.

எனக்கு அவர்கள் மேல் கோபம், அந்த டாக்டர் மேல் கோபம், மாலை போட்ட அந்த ஜீப்பின் மேல்கூடக் கோபம். உன் மேலும் கோபம்தான். அந்த அறிக்கை நாளில், நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது நான் அழுதேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள், பயந்துபோய்ப் போட்டுவிட்டேன் என்றேன். நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

“அவங்களும் பயந்துதான ஓடினாங்க? அவங்க பயத்துக்கு அறியாமைன்னு பேர் வச்சு எயுதிட்டாங்க. உன் பயத்துக்கு இன்னா பேருடி வைக்கிறது?”

கேட்டுவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினாய். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒன்றாக வேலை செய்தோம், ஒரே தட்டில் தின்றோம். நீ அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தப் பெயர் தெரியும், அன்றைக்கே தெரியும். நிச்சயம் அறியாமை இல்லை. அதை நான் சொல்ல வேண்டியிருந்தது உன் ஒருத்தியிடம்தான்.