வடக்குச் சரிவில் ஒற்றைத் தடம்

பனி அளவை நிலையம்,
18 ஜனவரி

அன்புள்ள குர்டின்,

உன் போனை விசாரணைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். அதனால் காகிதம். விலா எலும்பு கூடிவருகிறதா?

நலம் விசாரித்தாயிற்று. இனி திட்டப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை பனி எச்சரிக்கையை எழுதியவன் நான். ஆபத்து, ஐந்தில் மூன்றாம் நிலை. வடக்குச் சரிவுகள், இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல். அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத பழைய பனி, அதன்மேல் காற்று அடுக்கிவைத்த கெட்டிப் பாளம். இதில் எந்த வார்த்தை உனக்குப் புரியவில்லை? மறுநாள் காலையே ஐந்து விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு அதே சரிவில் ஏறியிருக்கிறாய். முகட்டு வழியாகச் சுற்றினால் இரண்டு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். பனிச்சரிவில் புதைந்த உன் விருந்தினர் ஏபி அம்மையார் இன்று உயிரோடு இருப்பார். பத்து வருட வழிகாட்டிக்கு இரண்டு மணி நேரப் பொறுமை இல்லை!

நிபுணர் அறிக்கையை என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள். நண்பன் என்று பூசி மெழுக மாட்டேன். உனக்கு எதிராகத்தான் இருக்கும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ரியெத்


வால்தூரா,
23 ஜனவரி

அன்புள்ள ரியெத்துக்கு,

விலா எலும்பு சிரித்தால்தான் வலிக்கும். அதனால் வலியில்லை.

உன் எச்சரிக்கையில் எல்லா வார்த்தையும் புரிந்தது. முகட்டு வழியாகப் போகத்தான் கிளம்பினோம். வழி பிரிகிற இடத்தில், வடக்குச் சரிவில் ஒரு தடம் ஏறிப்போனது. ஒற்றை ஆள், முந்தைய நாள். பிளந்த பாறையை ஒட்டி இடதுபக்கம் திரும்பியிருந்தது. இடக்கைக் கோல் மட்டும் ஆழமாக இறங்கவில்லை. தோள் முறிந்ததிலிருந்து நீ ஊன்றுகிற மாதிரி.

"வாங்க. இது யார் போட்ட தடம்னு எனக்குத் தெரியும். ஆல்ப்ஸுக்கே எச்சரிக்கை எழுதுறவன். அவனே ஏறியிருக்கான்" என்றேன்.

"அப்ப கீழே இறங்கினதும் அவருக்கு நான் ஒரு காபி வாங்கித் தரணும்" என்றார் ஏபி அம்மையார். வரிசையில் அவர் ஐந்தாவது. பாளம் அவர் காலடியில்தான் உடைந்தது.

தப்பு என்னுடையது. நானே பனியில் குழி தோண்டிச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொருவராக அனுப்பியிருக்க வேண்டும். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். தடம் யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அதை நீயே சொல்வதுதான் முறை.

மார்ச் முதல் தேதி, குளிர்காலத்தை விரட்டும் மணி ஊர்வலத்துக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள். உனக்காகக் கொட்டைக் கேக் செய்வாளாம்.

உன்
குர்டின்


பனி அளவை நிலையம்,
30 ஜனவரி

குர்டின்,

ஆமாம், என் தடம்தான். அதற்கென்ன? அது என் வேலை. தனி ஆள். மேலே ஓரமாகக் குழி தோண்டி, பாளத்தைக் கையால் தட்டினேன். பதின்மூன்றாவது தட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை வைத்துத்தான் மூன்றாம் நிலை என்று எழுதினேன். இறங்கும்போது முகட்டு வழியாகவே இறங்கினேன். ஏறும்போது ஏன் சுற்றவில்லை என்பாய். நான்கு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். நேரமில்லை.

தடம் என்ன அனுமதிச் சீட்டா? ஒருவன் எடையும் ஆறு பேர் எடையும் ஒன்றா? உனக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டுமா?

நிபுணர் அறிக்கையை அனுப்பிவிட்டேன். 'பழைய தடம் ஒன்று இருந்தது, போட்டவர் தெரியவில்லை.' என் பெயரை எழுதினால் நாளைக்கு எவன் எச்சரிக்கையை மதிப்பான்? "எழுதினவனே போனானே" என்பார்கள். இன்னும் பத்துப் பேர் சாவார்கள். கோபம் தணிந்ததும் யோசி, புரியும்.

மார்ச்சில் வருகிறேன். அம்மாவிடம் சொல்.

ரியெத்


வால்தூரா,
20 பிப்ரவரி

மதிப்பிற்குரிய திரு. ரியெத் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையின் நகல் கிடைத்தது. நான்காம் பக்கத்தில் 'போட்டவர் தெரியவில்லை' என்பது வரை படித்தேன். என் உரிமம் ரத்தாகிவிட்டது. அதில் எனக்குப் புகார் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏபி அம்மையாரின் கணவர் வந்தார். இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். முகட்டு வழியாகக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. மேலே போய் நின்றபிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தத் தடம் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

விசாரணையில் தெரியாது என்று சொல்ல முடிந்தது. இவரிடம் வாய் வரவில்லை. சொன்னேன். அவர் மனைவி உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர நினைத்திருந்ததையும் சொன்னேன்.

உங்கள் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் வர வேண்டாம். அம்மாவுக்குக் காரணம் தெரியும்.

இப்படிக்கு,
குர்டின் பெசோலா