மழைக்குப் பட்டன் இருந்த வண்டி

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன் மாப்ளே. உன் மகள் பெரிய வண்டியில் வந்து இறங்குவாள் என்று சொன்னேன். பந்தல்குடியே கூடி நிற்கும் என்று சொன்னேன். அந்த வண்டி கரிசலில் சிக்கும் என்றுகூடச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள் சொன்னேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வண்டி இப்போது உன் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் நிற்கிறது. இஞ்சின் ஆறும்போது பல்லி சொல்வது போல டிக், டிக் என்று ஒரு சத்தம். சைலன்சரில் அப்பியிருந்த கரிசல் மண் சூட்டில் வெந்து, செங்கல் காளவாசல் பக்கம் போனால் அடிக்குமே, அந்த வாசனை அடிக்கிறது. அதோடு டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழ வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் இது மூன்றாவது ஐப்பசி. பேனாவை எடுத்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் எழுதுவதில் பிழை இருக்கத்தான் செய்யும். நீ ஏழாவதோடு நிறுத்தியவன், உனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் வண்டியின் விவரம். ஆயிரம் சிசி. உண்மையில் ஆயிரத்துக்கு ஒன்று குறைவு என்று உன் மகள் கார்த்திகா திருத்தினாள். அந்த ஒன்றை நான் போட்டு நிரப்பிக்கொண்டேன், தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள். வரிசையாக நாலு சிலிண்டர். நூற்றைம்பது குதிரைச் சக்தி. நம் கிணற்று மோட்டார் ஐந்து குதிரை. அப்படி முப்பது மோட்டாரை ஒரே சீட்டுக்குக் கீழே கட்டிவைத்தது போல. முடுக்கினால் நம் தாலுகாவில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் மிஞ்சாது. பத்து டன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடியதே உன் பழைய லாரி, அதற்குக்கூட இத்தனை குதிரை கிடையாது மாப்ளே. எடை இரண்டு குவிண்டாலுக்கு மேல். பின்டயர் சாண் அகலம். முன்சக்கரத்தில் மட்டும் இரண்டு டிஸ்க் பிரேக். ஆறு கியர், கிளட்சைத் தொடாமலே காலால் தட்டினால் மாறுகிறது. நின்ற இடத்திலிருந்து மூன்று எண்ணி முடிப்பதற்குள் நூறு கிலோமீட்டர் வேகம். நான் வேகமாக எண்ணுகிறவன், ஆகையால் எனக்கு நாலு.

இந்த ரக வண்டிக்கு முன்னால் காற்றுத் தடுப்பு கிடையாது, பக்கத்தில் மூடி கிடையாது. இஞ்சினும் குழாய்களும் ரேடியேட்டரும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதுதான் அதன் அழகாம். உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி பாண்டியம்மா, நேற்று வண்டி வந்ததும் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டாள்.

"இம்புட்டுப் பெரிய வண்டிக்கு ஒரு சட்ட போட்டுக் குடுக்கக்கூடாதா?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊர்ச் சனமெல்லாம் வெளியே, பெற்றவள் மட்டும் அடுப்படியில்.

உனக்கு என்ன கேட்கத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். எந்த வண்டியைப் பார்த்தாலும் உனக்கு ஒரே கேள்விதான்: "லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?" மாப்பிள்ளை அழைப்புக் காரைப் பார்த்தும் கேட்பாய், தீயணைப்பு வண்டியைப் பார்த்தும் கேட்பாய். திருச்சுழித் தேரைப் பார்த்தே, "இதுக்கு டீசல் எம்புட்டு ஊத்துவாக?" என்று கேட்டவன் நீ. உன் நூறு சிசி வண்டியைப் பாலத்து ஏற்றத்தில் ஏற்றிவிட்டு, இறக்கத்தில் இஞ்சினை அணைத்து, சத்தமே இல்லாமல் வீட்டு வாசல்வரை உருட்டிக்கொண்டு வருவாய். தெரு நாய்க்குக்கூட நீ வருவது தெரியாது. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், லிட்டருக்குப் பதினாறோ பதினேழோ கொடுக்கிற வண்டி நிற்கிறது. நீ உயிரோடு இருந்து கேட்டிருந்தால், கேட்ட மறுநிமிடம் இருந்திருக்க மாட்டாய்.

பாண்டியம்மாவின் கோபமும் அதுதான். பெண்பிள்ளை வண்டி ஓட்டக்கூடாது என்கிற ஆள் இல்லை அவள். வேலை பார்த்துச் சம்பாதிக்கிற மகள், அவள் பாடு. "ஆனா அவுக இருந்தா இத வாசல்ல நிறுத்த விட்டிருப்பாகளா?" என்று அடுப்படியில் இருந்தே கேட்டாள். 

கார்த்திகா என்னைத் தனியே கூப்பிட்டாள். தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கோயம்புத்தூரில் இருந்து ஒரே ஓட்டமாக வந்தவள் முகத்தில் அத்தனை சந்தோசமும் வடிந்துபோயிருந்தது.

"மாமா, நாளைக்குக் கருப்பங்கோயில்ல பூசை. அம்மா டேங்குல பொட்டு வைக்கணும். வைக்கலைன்னா வித்துருவேன்."

"ஏத்தா, ஆசப்பட்டு வாங்கிட்டு?"

"அப்பா வீட்டு வாசல்ல அம்மா முகத்தத் திருப்பிக்கிட்டுப் போற வண்டி எனக்கு வேண்டாம் மாமா."

இந்த இடத்தில் எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும். மெயின் ரோட்டில், உன் லாரியை ஓரங்கட்டிவிட்டு நாம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கார்த்திகா சின்னப்பிள்ளை. டிரைவர் சீட்டில் ஏறி, கால் எட்டாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே லாரி ஓட்டினாள். அப்போதுதான் நீ சொன்னாய்: "மச்சான், எம் மக ஒரு நா எல்லா வண்டியையும் முந்துற வண்டி ஓட்டுவா பாரு. அன்னைக்கி மட்டும் நான் லிட்டருக்கு எம்புட்டுன்னு கேக்க மாட்டேன்." சொல்லும்போது உன் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. டீக்கடைக்காரர் கண்ணும் கலங்கி, காசே வாங்கவில்லை.

இதைப் பாண்டியம்மாவிடம் உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் எதற்கும் ஒரு நேரம் இருக்கிறது.

இன்று காலையில் புறப்பட்டோம். முந்தின ராத்திரி நல்ல மழை. "சாமி கும்புட வாரேன், பொட்டு வைக்க வரல" என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தேங்காய்ப் பையோடு எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள் பாண்டியம்மா. நான் கார்த்திகா பின்னால் ஏறினேன். பின்சீட்டு என்று ஒன்று இருக்கிறது மாப்ளே, இட்லித்தட்டு அகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இருக்கிற சாமியையெல்லாம் பிடித்துக்கொண்டேன்.

நாலுவழிச் சாலையில் ஏறியதும் கையைக் கொஞ்சம் முறுக்கினாள். அவ்வளவுதான், பந்தல்குடி பின்னால் போய்விட்டது. சத்தம் முதலில் ஆட்டுக்கல் சுற்றுவது போல அடிவயிற்றில் இருந்தது, அப்புறம் மெல்ல ஏறி நாதஸ்வரக்காரர் மூச்சுப்பிடித்து மேலே நிறுத்துவாரே, அங்கே போய் நின்றது. என் தோள் துண்டு பறந்தது. வீரசோழன் பக்கம் போய் விழுந்திருக்கும், அந்த ஊர்க்காரர்கள் யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். இறங்கிய பிறகு, "இருநூறு போயிருப்போம்ல?" என்று கேட்டேன். "தொண்ணூறு மாமா" என்றாள். மீட்டர் பொய் சொல்லும். என் கண்ணிலிருந்து காதுவரை ஓடிய தண்ணீர் பொய் சொல்லாது.

அருப்புக்கோட்டை சிக்னலில் நின்றபோது ரேடியேட்டர் விசிறி சுழன்று, கெண்டைக்காலில் தோசைக்கல் வைத்தது போல அனல் அடித்தது. ஆயிரம் சிசிக்கு அது உண்டாம். நிற்கப் பிறந்த வண்டி இல்லையாம். திருச்சுழி ரோட்டில் திரும்பினோம். அங்கேதான் மாப்ளே, என் அறிவு வேலை செய்தது.

கோயிலுக்கு வழக்கமான வழி, சரளை போட்ட கண்மாய்க்கரை. சுற்று வழி. நான் குறுக்கு வழி காட்டினேன், கொத்தமல்லி விதைக்கிற புஞ்சைகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை.

கார்த்திகா தயங்கினாள். "நேத்துத்தான மாமா மழ பேஞ்சுச்சு?"

"நீதான சொன்ன, இதுல மழைக்குன்னு தனிப் பட்டன் இருக்குன்னு?"

இருந்தது. அதை அமுக்கினால் வண்டி தானாகவே வேகத்தை அடக்கிக்கொள்ளும், சக்கரம் வழுக்கினால் கண்டுபிடித்துவிடும். வெளிநாட்டு மூளை. அந்தப் பட்டன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. உன் மகளுக்கு என் மேல் நம்பிக்கை. வண்டியைப் பாதையில் இறக்கிவிட்டாள்.

ஐம்பது அடி போயிருப்போம். கரிசலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு விரற்கடை மண்ணைச் சேர்த்துக்கொண்டது. சாண் அகல டயர் முழ அகலம் ஆனது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் கெட்டித்து அடைத்துக்கொண்டு, முன்சக்கரமும் நின்றது, பின்சக்கரமும் நின்றது. நூற்றைம்பது குதிரையும் லாயத்தில் கட்டியது போல நின்றன. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் கண்ணடித்தது. நான் இறங்கித் தள்ளினேன். செருப்பு போனது. மழைக்குப் பட்டன் இருந்தது, கரிசலுக்குப் பட்டன் இல்லை.

அப்போது கண்மாய்க்கரை மேலே பாண்டியம்மா வந்துகொண்டிருந்தாள். மினி பஸ்ஸில் வந்து, இறங்கி நடந்து, எங்களுக்கு முன்னால் கோயிலை எட்டிவிட்டவள், எங்களைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறாள். பார்த்தாள். பையைக் கரையில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீமைக்கருவேலங் குச்சி ஒன்றை ஒடித்து, புஞ்சைக்குள் இறங்கினாள்.

"ஏண்ணே, மழ பேஞ்ச மறுநா கரிசல்ல மாட்டயே எறக்க மாட்டாக. நீ இத எறக்கியிருக்க?"

"மழைக்குப் பட்டன் இருக்குத்தா."

"பட்டன் மழைக்கு. ஒனக்கு?"

கார்த்திகா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து இவளும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை மாப்ளே. என் செருப்பு போனால் போகிறது.

குந்தி உட்கார்ந்து குச்சியால் மண்ணை நெம்பினாள். சின்ன வயதில் எங்கள் அய்யாவின் மாட்டுவண்டிச் சக்கரத்தில் நெம்பிய கை. நெம்ப நெம்ப, தொட மாட்டேன் என்றிருந்த வண்டியை ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். "இது என்னத்தா, தேன்கூடு மாதிரி?" "ரேடியேட்டர்மா. இஞ்சினுக்குத் தண்ணி ஆத்துறது." "ஒங்கப்பா லாரியிலயும் இருந்துச்சே, அது இம்புட்டு அழகாவா இருந்துச்சு?" நாலு குழாயையும் விரலால் தடவிப் பார்த்தாள். செயினில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆமா, லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?"

உன் கேள்வி. நீ இழுத்துக் கேட்பது போலவே. கார்த்திகா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பதினாறு... பதினேழும்மா."

குச்சி நின்றது. கொக்கு ஒன்று எங்களைத் தாண்டிப் பறந்து போனது. "அவுக விட்டிருப்பாகளா அண்ணே?" என்று கேட்டாள். இந்த முறை கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்போது சொன்னேன். டீக்கடையை, டிரைவர் சீட்டை, நீ சொன்னதை, நம் கண் கலங்கியதை எல்லாம் சொன்னேன். கருப்பன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் அரிவாளோடு நின்றான். அதனால் சத்தியம் எதுவும் செய்யவில்லை, தலையை மட்டும் அழுத்தி ஆட்டினேன்.

பாண்டியம்மா என்னையே பார்த்தாள். "அவுக இம்புட்டு நீளமாப் பேச மாட்டாகளே" என்றாள்.

அப்புறம் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கரையில் இருந்த பையை எடுத்து வந்தாள். துடைத்தும் போகாத கரிசல் கையாலேயே சந்தனத்தைக் குழைத்து டேங்கில் வைத்தாள். நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழத்தைத் தானே குனிந்து டயருக்கு முன்னால் வைத்தாள். "ஏறி மெல்ல விடுத்தா, அய்யா பாத்துக்கிட்டு இருக்காக" என்றாள். அய்யா என்றால் கருப்பனா நீயா என்று நான் கேட்கவில்லை.

சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது நான் மினி பஸ்ஸில் வந்தேன். நான் போட்டு வந்த தலைக்கவசத்தைப் பாண்டியம்மா மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, இருபக்கமும் கால் போட்டு, இட்லித்தட்டில் உட்கார்ந்துவிட்டாள். பாளையம்பட்டிவரை அந்தச் சத்தம் கேட்டதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், நான்தான் பேச்சை எடுத்தேன். எங்களை முந்தியபோது ஒன்று எண்ணினேன், இரண்டு எண்ணுவதற்குள் காணோம். மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் ஏதோ கத்தியது மட்டும் தெரிந்தது. மெல்லப் போ என்று கத்தினாளா, இன்னும் கொஞ்சம் முறுக்கு என்று கத்தினாளா என்று கேட்டதற்கு, அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பந்தல்குடியில் இறங்கும்போது என் வாய் தானாக டிரைவரிடம் கேட்டது: "தம்பி, இது லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?" உன் லாரி போய்விட்டது, சாவியும் போய்விட்டது. அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். நல்ல ஓட்டத்தில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று மாப்ளே. டீக்கடை உண்மை. டிரைவர் சீட்டில் உன் மகள் இருந்தது உண்மை. நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் உன் டீ ஆறி ஆடை படிந்ததும் உண்மை. ஆனால் நீ வாயைத் திறந்து சொன்னது, "டீயில சீனி பத்தல மச்சான்." அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தக் கரிசலுக்குள் நின்றுகொண்டு நான் கட்டியது. நீயே சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டாய். இதற்குள் பாண்டியம்மா தெருவில் நாலு வீட்டுக்கு, "அவுக அப்பவே சொன்னாக" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் அங்கே யாராவது விசாரித்தால், ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு.