சிவப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

ஜூன் 4

என் செல்ல மகளுக்கு,

நீயும் உன் மகளும் சுகமாக இருப்பதாக மாப்பிள்ளை எழுதியது கிடைத்தது. எனக்குப் பேத்தி பிறந்திருக்கும் செய்தியைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரியிடம் இரண்டு தரம் சொன்னேனாம், அவளே சொல்லிச் சிரித்தாள். போனில் பேசலாமே என்கிறாய். இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேச? ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் எழுத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால் எழுது.

பிரசவத்துக்கு நான் வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். சரி. கூப்பிடாத வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவள் இல்லை நான். அது மகள் வீடானாலும்தான்.

இங்கே ஒரு சங்கதி. வீடு மாறும்போது ஒரு மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதில் இருக்கும் சிவப்பு பிளாட்டி மீனுக்கு வயிறு வீங்கிக்கொண்டே போகிறது. நான் சிவப்பி என்று கூப்பிடுவேன் அவளை. ஏதோ வியாதி என்று மீன் கடைக்காரரை வரவழைத்தேன். "வியாதி இல்ல பாட்டிம்மா, மாசமா இருக்கா. இது முட்டை போடாது, குட்டிதான் போடும்" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் குட்டி போட்டதாக இந்த வயசு வரை நான் கேட்டதில்லை. என்ன செய்யவேண்டும் என்று உடனே எழுது.

பேத்தி யார் ஜாடை? அதையும் எழுது.

அம்மா

ஜூன் 9

அம்மாவுக்கு,

பயப்படாதே. தொட்டிக்குள் தொங்கவிடும் வலைப்பெட்டி ஒன்று கடையில் கிடைக்கும். குட்டிகள் கண் இமை முடி அளவுதான் இருக்கும். தேக்கரண்டியால் மெதுவாக அள்ளி அதில் விடு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் துளி பிழிந்தால் போதும், தின்னும். அதிகமானால் தண்ணீர் நாறிவிடும்.

தாயை அவற்றோடு விடாதே. மறக்காதே.

குழந்தை நன்றாக இருக்கிறது. அழுகிறது. யார் ஜாடை என்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

மகள்

ஜூன் 15

என் செல்ல மகளுக்கு,

தொட்டித் தண்ணீரில் விட்ட கையைத் துடைக்காமலே எழுதுகிறேன். எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

சிவப்பி காலையிலேயே பெற்றுவிட்டாள். அத்தனை குட்டி. ஒவ்வொன்றும் இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான், நடுவில் உடம்பென்று ஒன்றும் இல்லை. நீ சொன்னபடி அள்ளி வலைப்பெட்டியில் விட்டேன். தையல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்களுக்குப் பேரன் பேத்தி ஒரு பட்டாளமே வந்தாச்சு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் இந்தச் சிவப்பி வலைப்பெட்டியை விட்டு நகரவே இல்லை. வலையில் மூக்கை வைத்து முட்டி முட்டிப் பார்க்கிறாள். சுற்றுகிறாள், திரும்ப வந்து முட்டுகிறாள். அடி பாவி, பிள்ளைகளைத் தேடுகிறாளே என்று எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. பெற்றவளிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைக்க நான் யார்? நீ ஏதோ படித்துவிட்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்துப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அவளிடமே விட்டேன்.

தின்றுவிட்டாள்.

என் கண்ணெதிரே, ஒவ்வொன்றாக. தீவனம் தின்கிற மாதிரி. தேடியது அதற்குத்தான். நான் கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கியும் அடங்கவில்லை. பாசிச் செடிக்குள் ஒளிந்துகொண்ட கொஞ்சம் குட்டிதான் மிச்சம்.

ராட்சசி. பெற்ற பிள்ளை என்றால் உடம்பு தானாக இளகாதா? அதை யாராவது சொல்லியா தருவார்கள்? இப்படி ஒரு பிறவி என் வீட்டில் வேண்டாம். கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

நீ பேத்திக்குப் பால் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடு. அதைப் போல ஒரு சுகம் கிடையாது.

அம்மா

ஜூன் 21

அம்மாவுக்கு,

சிவப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. அவை தன்னுடைய பிள்ளைகள் என்று அதற்குத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லவில்லை.

எனக்கும் தெரியவில்லை அம்மா. குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். நீ சொல்கிற அந்த இளக்கம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. யாரோ ஒருவருடைய குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போனமாதிரி இருக்கிறது. குழந்தை அழ ஆரம்பித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறேன். இவர்தான் புட்டிப்பால் கொடுத்துத் தூங்கவைக்கிறார். கிட்டே போனால் நான் ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ அதை ராட்சசி என்று எழுதியிருந்ததைப் படித்தேன். மறுபடி மறுபடி படித்தேன்.

பதில் எழுதவேண்டாம்.

மகள்

ஜூன் 24, உன் குளியலறை வாசலில்

கண்ணு,

நான்தான். மருந்துக்கடைப் பையைக் கிழித்து எழுதுகிறேன், உன் வீட்டில் ஒரு வெள்ளைத்தாள் அகப்படவில்லை. கதவைத் தட்டினேன். நீ குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாய். நீ உள்ளேயிருந்து பேசினாலும் என் காதில் விழாது. நான் கத்தினால் குழந்தை எழுந்துவிடும். அதனால் இதைக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன். பேனாவையும் தள்ளுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் தையல்காரியிடம் ஓடினேன். அவள்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் வாசலில் என்னைப் பார்த்ததும் என் பையை வாங்கி உள்ளே வைத்தார். அப்புறம் அழுதார், பாவம். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாரோ.

அந்த வார்த்தையை நான் மீனுக்குத்தான் எழுதினேன். மீனுக்கும் எழுதியிருக்கக் கூடாது. கடைக்காரரிடம் கேட்டேன். "பெத்த அலுப்புல இருக்கும் பாட்டிம்மா. குட்டிங்க கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஒண்ணா விட்டாலும் ஒண்ணும் பண்ணாது, சேர்ந்தே சுத்தும்" என்றார்.

மாப்பிள்ளை டாக்டரம்மாவிடம் விசாரித்திருக்கிறார். பெற்றவர்களில் நிறையப் பேருக்கு இப்படி வருமாம், வைத்தியம் இருக்கிறதாம். நாளைக் காலையில் மூவரும் போகிறோம். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன். நீ தூக்கவேண்டாம், பார்க்கவும் வேண்டாம். யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள்.

அவசரமில்லை. நான் இங்கேயேதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா

(அதே தாளின் பின்புறம், மகளின் கையெழுத்தில்)

சிவப்பியைக் கொடுத்துவிட்டாயா?

(அதற்குக் கீழே)

குட்டிகளைத்தான் தொட்டியோடு கடைக்காரரிடம் விட்டிருக்கிறேன். அவளை எப்படி விடுவேன்? கண்ணாடி ஜாடியில் போட்டு, மேலே துணி கட்டி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் ஊறுகாயா என்று கேட்டார். முறைத்தேன்.

கூடத்தில் மேசைமேல் இருக்கிறாள். பஸ் குலுக்கியதில் களைத்துப்போய் அடியில் கிடக்கிறாள். இத்தனை நேரமாகியும் நான் அவளுக்குத் தீவனம் போடவில்லை. எவ்வளவு போடுவதென்று உனக்குத்தான் தெரியும். வந்து போடு.